நாத்தனாரும் நானும் காத்த மக்காச்சோளம்

என் நாத்தனார், புருஷன் வீட்டை விட்டுத் திரும்பி வந்தபோது ஒரு துணிப்பையும் ஒரு மிக்ஸியும் கொண்டுவந்தாள். மிக்ஸி அவள் கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது. "இதையும் அவகிட்ட விட்டுட்டு வர மனசு வரல மதினி" என்றாள். பிள்ளை இல்லை என்று சொல்லி அவள் புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் மிக்ஸியை வாங்கி அடுப்படியில் வைத்தேன்.

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் சவுதியில் லாரி ஓட்டுகிறார். மாமனார், மாமியார் காலமாகிவிட்டார்கள். நான் பகலில் அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நிற்பேன். அவள் வந்த பிறகு எங்கள் நிலத்தில் காட்டு வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். ஊருக்குள் நடந்தால் யாராவது நிறுத்தி விசாரிப்பார்கள் என்று ஓடைப் பக்கமாகச் சுற்றித்தான் காட்டுக்குப் போவாள்.

அந்த வருஷம் மக்காச்சோளம் போட்டிருந்தோம். மார்கழியில் கதிர் பால் பிடித்ததும் வேலிக்கருவைப் புதருக்குள்ளிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கின. ஒரு கூட்டம் புகுந்துவிட்டால் விடியும்போது பாதிக் காடு படுத்துக் கிடக்கும். எல்லோரும் காவல் இருந்தார்கள். நாங்களும் ஆள் வைத்து ஒரு பரண் கட்டினோம். நான் கடையிலிருந்து வந்ததும் சோறு கட்டிக்கொண்டு இரண்டு பேரும் பொழுதோடு போய்விடுவோம்.

முதலில் எங்களிடம் கை டார்ச்தான் இருந்தது. அதை அடித்தால் சோளத்தட்டைதான் தெரியும். ஒருநாள் அவள் கொசு கடிக்கிறதென்று கன்னத்தைச் சொறிந்தபோது டார்ச் கண்ணோரம் போனது. எதிரே ஓடைக்கரையில் நாலைந்து ஜோடி வெளிச்சம். "யாத்தே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் நம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து போனால்தான் எதிரே இருப்பதன் கண் மின்னுவது நமக்குத் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தோம். மறுநாள் டவுனில் நெற்றியில் மாட்டுகிற லைட்டு ஒன்று வாங்கி வந்தேன்.

அதன் பிறகு எங்களுக்கு அதே வேலையாகிவிட்டது. வெள்ளையில் கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி, இடுப்பு உயரத்தில், கூட்டமாகத் தெரிந்தால் புள்ளிமான். தரையோடு சேர்ந்து சிவப்பாக ஒன்று தெரிந்து, தத்தித் தத்திப் போனால் முயல். நரி நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கும், பிறகு தலையைத் திருப்பும், அணைந்து போகும். வண்டிப்பாதையில் கங்கு மாதிரி ஒன்று கிடந்தது. மிதித்துவிடப் போகிறோம் என்று குச்சியால் தட்டப் போனால் ஒரு பக்கிக் குருவி எழுந்து பறந்தது. பனித்துளி என்று நினைத்ததெல்லாம் சிலந்திகளின் கண். பன்றிக்கு மட்டும் கண் மின்னவே மின்னாது. எதற்காகக் காவல் இருந்தோமோ அதைக் காதால்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மொறுக் மொறுக்கென்று சத்தம் கேட்டால் தகர டப்பாவைத் தட்டுவோம்.

பகலில் வாயே திறக்காதவள் பரணில் சிரிப்பாள். ஒருநாள் கேட்டேன், "ஏ பிள்ள, பயமா இல்லையா ஒனக்கு?"

"இதுக எதுவும் ஏன் வந்தேன்னு கேக்காதுல்ல மதினி" என்றாள்.

பக்கத்துக் காடு என் வீட்டுக்காரரின் சித்தப்பாவுடையது. நான் அவரைச் சின்ன மாமா என்பேன். நல்ல மனுஷர். தாயில்லாப் பிள்ளை என்று என் நாத்தனாருக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் துணி எடுத்துக் கொடுத்தவர். இரண்டு தடவை பன்றி புகுந்து அவருடைய காடு அழிந்துபோனது. மோட்டார் ரூமிலிருந்து கரண்டு இழுத்து வரப்போரம் கம்பி கட்டிவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. பொம்பளைகள் பயந்துகொள்வார்கள், ராத்திரி நாங்கள் பரணை விட்டு இறங்க மாட்டோம் என்று நினைத்தாராம்.

அன்றைக்கு இருட்டி அதிக நேரம் ஆகவில்லை. நான் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். அவள் நெற்றி லைட்டோடு சுற்றிப் பார்த்தாள்.

"மதினி, மானு ஒண்ணு படுத்துக் கெடக்கு."

அவள் தலையோடு தலை ஒட்டி நானும் பார்த்தேன். வரப்புக்கு அந்தப் பக்கம், தரையோடு, இரண்டு கண்கள். மான் கண்தான். ஆனால் வெளிச்சம் பட்டும் திரும்பவில்லை, இமைக்கவில்லை.

"அடிபட்டுக் கெடக்குது போல. தண்ணி குடுத்துப் பாப்போம்" என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"இரு பிள்ள, நானும் வாரேன்."

நான் இறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அவளுடைய வெளிச்சம் சோளத்தட்டைகளுக்கு நடுவே போவது தெரிந்தது. குனிந்தது. பிறகு பொத்தென்று கீழே விழுந்தது. கத்தல் ஒன்றும் இல்லை. லைட்டு மட்டும் அணையாமல் தரையில் எரிந்துகொண்டிருந்தது.

ஓடினேன். வரப்புக்கு முன்னாலேயே கருகல் வாடை அடித்தது, நின்றுவிட்டேன். கம்பி தெரிந்தது. அவள் கை கம்பியில் இருந்தது. சின்ன மாமாவுக்குப் போன் பண்ணி, "கரண்ட அமத்துங்க, கரண்ட அமத்துங்க" என்று கத்தினேன். அமர்த்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டே ஓடி வந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். உயிர் அங்கேயே போய்விட்டது என்றார்கள்.

அந்த மான் நாங்கள் வருவதற்கு முன்னாலேயே அதே கம்பியில் பட்டுச் செத்திருக்கிறது. செத்த கண்ணும் மின்னும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

விடியுமுன் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். "மாரடைப்புன்னு சொல்லிருவோம், குடும்பத்துக்குள்ள எதுக்குக் கேசு" என்றார் ஒருவர். நான் சவுதிக்குப் போன் போட்டேன். என் வீட்டுக்காரர் அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். "நீ என்னத்தப் பாத்தியோ அதச் சொல்லு. அவளைப் பத்தி ஊரு பேசுனது போதும், நாமளும் பொய் பேச வேணாம்" என்றார். போலீஸ்காரர்களிடம் பார்த்ததைச் சொன்னேன். சின்ன மாமாவும் மறுக்கவில்லை. "நான்தான் கட்டுனேன்" என்று தானே எழுந்து போய் ஜீப்பில் ஏறினார். அவள் புருஷன் சுடுகாட்டுக்கு வந்து, எல்லோருக்கும் பின்னால் நின்றுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு யாரும் காவல் இருக்கவில்லை. பன்றிகள் தின்றது போக மிச்சத்தை ஆள் விட்டு ஒடித்தோம். என் வீட்டுக்காரரால் பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட வர முடியவில்லை. பங்குனியில் வந்து, வெறும் கரிசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த வருஷம் பருத்தி போட்டோம். பருத்தியைப் பன்றி தொடுவதில்லை. காவலும் வேண்டியதில்லை.

சின்ன மாமா ஜாமீனில் வந்துவிட்டார். வழக்கு இன்னும் நடக்கிறது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. போன மாசம் ஷேர் ஆட்டோவில் ஏறினால் உள்ளே அவருடைய சம்சாரம், சின்ன அத்தை, இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மட்டும்தான் இடம். தயங்கி நின்றேன். அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தாள். உட்கார்ந்தேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "அவ பொறந்தப்ப மொதல்ல கையில வாங்குனது நான்தான்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் விடவில்லை. அருப்புக்கோட்டை வரைக்கும் அப்படியே போனோம்.