கிளப் வாசலில் கழற்றிய செருப்பு

மகன் வீடு வாங்கியிருக்கும் நல்லம்பள்ளி லேஅவுட்டில், கிளப் ஹவுஸிலிருந்து டேபிள் டென்னிஸ் பந்தின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் முதன்முதலில் கேட்டது எண்பதுகளில், தருமபுரியில் அப்பா புதிதாக மெம்பரான கிளப்பில்.

புளி வியாபாரத்தில் நிமிர்ந்திருந்த அப்பா, ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவையும் என்னையும் அங்கே கூட்டிப்போனார். வழவழவென்றிருந்த சிவப்புத் தரையைப் பார்த்ததும் மூவரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டோம். உள்ளே எல்லோர் காலிலும் ஷூ இருந்தது.

"மாதா கோயில்லயிருந்து நேரா வந்தவரு, இதையும் கோயில்னு நெனச்சுட்டாருங்க!" என்றார் ஒரு டாக்டர். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா தணிந்த குரலில் அம்மாவிடம், "போயி போட்டுக்கிட்டு வா" என்றார்.

"வூட்டுக்குள்ள யாராச்சும் செருப்போட நடப்பாங்களா? நீங்க போட்டுக்கங்க. நாங்க வெளிய நிக்கறோம்."

அப்பா மட்டும் போட்டுக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வந்தவரிடம், "செயிச்சீங்களா?" என்று அம்மா கேட்டார்.

"என்னைச் சேத்துக்கல. பாத்துக்கிட்டு இருந்தேன்."

அதன்பிறகும் ஞாயிறுதோறும் அவர் தனியாகப் போய்வந்தார்.

"உள்ள வாங்கப்பா" என்று லேஅவுட் கிளப் ஹவுஸுக்குள்ளிருந்து மகன் கூப்பிட்டான். போனேன். யாரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், ஓர் ஓரமாக உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.