செனட்டரின் மூக்கும் நிபால்தோவின் வாயும்

நிபால்தோ ஒயார்சூன் எந்தக் கல்லூரிப் படியையும் மிதித்தவர் அல்ல. ஆனாலும் சிலி நாட்டு வால்பரைசோவில் எங்கள் குன்றே அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்து மருந்துக்கடை ஒன்றில் முப்பத்தொன்பது வருடமாக நிற்கிறார். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் அவர் கை அலமாரிக்குப் போய்விடும். இருமலுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, மாமியார் வந்திருந்தால் தூங்குவதற்கு ஒன்று. நோய் ஏன் வந்தது என்று கேட்டால் ஒரே பதில்தான்: "கடல் காத்து." என் கால் ஆணிக்கும் அந்தக் காற்றைத்தான் குற்றம் சொன்னார்.

நான் பக்கத்து வீட்டுக்காரன். ட்ராலி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். அவருடைய மனைவி இவோன் வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டிச் சாயம் பூசுகிறாள். நிபால்தோவின் வைத்தியத்தை நம்பாத ஒரே ஆள் அவள்தான். தனக்குக் காய்ச்சல் வந்தால் வேறு கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வருவாள்.

பிள்ளை இல்லாத அந்த வீட்டில் ஒரு மஞ்சள் பூனை இருந்தது. ஏழு கிலோ. பகலெல்லாம் தூக்கம், எல்லார் வீட்டுத் தட்டிலும் வாய் வைக்கும், கேட்டால் நம்மை முறைக்கும். அதனால் இவோன் அதற்கு வைத்த பெயர் செனட்டர். அவரை நாங்கள் 'வந்தார், போனார்' என்றுதான் சொல்வோம். அப்படிச் சொல்லாவிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை என்று இவோன் சாதிப்பாள்.

செப்டம்பரில் தேசிய தின வாரம். குன்று முழுக்க இறைச்சி சுடும் புகை. ஒரு புதன்கிழமை மாலை டீ குடிக்க உட்கார்ந்திருந்தோம். செனட்டர் ஜன்னல் வழியாக உள்ளே குதித்தார், தும்மினார். திரும்பவும் தும்மினார். நான் எண்ண ஆரம்பித்தேன், பதினேழோடு விட்டுவிட்டேன். முன்னங்காலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, யாரோ தன்னை அவமானப்படுத்திவிட்ட மாதிரி எங்களைப் பார்த்தார்.

"கடல் காத்து," என்றார் நிபால்தோ, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"கடல் காத்தாம்! குளிருக்கு நீ ஏத்துற மண்ணெண்ணெய் அடுப்புதான்யா கிழவா. வீடு முழுக்க லாரி ஷெட்டு நாத்தம்," என்றாள் இவோன்.

"நீ அடிக்கிற ஸ்பிரேயை விடவா? அந்த ரூம்ல ஈகூட உசுரோட இருக்கறதில்ல."

அன்றைக்கு அடுப்பு அணைந்தது, மறுநாள் ஸ்பிரே நின்றது. ஜன்னல்கள் திறந்தன, மூன்று பேருக்கும் குளிர் பிடித்தது. தும்மல் மட்டும் நிற்கவில்லை. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். நிபால்தோ யூகலிப்டஸ் இலையைக் கொதிக்கவைத்துச் செனட்டரின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். செனட்டர் அவர் மணிக்கட்டைக் கீறிவிட்டு அலமாரிக்கு மேலே ஏறினார்.

வெள்ளிக்கிழமை காலை இவோன் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். போனேன். செனட்டர் கழுத்தை நீட்டி நீட்டி எதையோ விழுங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது மூக்கிலிருந்து மட்டும் கொழகொழவென்று மஞ்சளாக ஒழுகியது. அதில் ஒரு சிவப்பு இழை. வலது மூக்கு சுத்தமாக இருந்தது. அவர் முன்னால் ஒரு தட்டு நிறைய டப்பா மீன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நேத்து மத்தியானத்துலேருந்து ஒரு வாய் திங்கல," என்றாள். மூடியிருக்கும் டப்பா மீனைக்கூட மோப்பம் பிடித்து வருகிற பூனை அது.

"பசிச்சா தானா திம்பாரு. நான் மருந்து போட்டிருக்கேன்," என்றார் நிபால்தோ.

"நீ மருந்து போட்ட லட்சணத்தைத்தான் பாக்குறோமே. சந்தைப் பையை எடு."

பூனைக் கூண்டு இல்லை. சந்தைக்குக் கொண்டுபோகும் இரட்டைச் சக்கரப் பையில் செனட்டரை வைத்து, கம்பளியால் மூடி, நூற்று நாற்பத்தெட்டுப் படி இறங்கினோம். ஒவ்வொரு படியிலும் ஒரு 'டக்', உள்ளேயிருந்து ஒரு தும்மல், அப்புறம் அச்சில் ஏற்ற முடியாத ஓர் உறுமல். பின்னாலேயே வந்த நிபால்தோ எதிரே வந்தவர்களிடமெல்லாம் "சாதாரண வைரஸ்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மிருக வைத்தியர் யாஸ்னா முப்பது வயதுப் பெண். ரப்பர் செருப்பு, கை முழுக்கப் பூனைக் கீறல். செனட்டரைத் தொடுவதற்கு முன்னாலேயே கேள்விகளை ஆரம்பித்தாள்.

"தும்மல் மெதுவா வந்துச்சா, திடீர்னு வந்துச்சா?"

"திடீர்னு. பதினேழு வரைக்கும் நான் எண்ணினேன்," என்றேன் பெருமையாக.

"ஒரு மூக்கா, ரெண்டு மூக்கா?"

"இடது மட்டும்."

"கண்ணுல தண்ணி? வாயைத் திறந்து மூச்சு வாங்கினாரா?"

"இல்ல."

"வைரஸ்னா பெரும்பாலும் ரெண்டு மூக்கும் ஒழுகும், கண்ணும் கலங்கும்," என்றாள், அவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துக்கொண்டே. "ஒரு பக்கம் மட்டும்னா உள்ள ஏதாச்சும் மாட்டியிருக்கும், இல்ல பல்லு வேர் அழுகியிருக்கும். பல்லு நல்லாத்தான் இருக்கு. சும்மா நாலு தும்மல் போட்டுட்டு நல்லா தின்னுட்டுத் திரிஞ்சா ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாம், புகையும் வாசனையும் இல்லாம வெச்சு. திங்கலைன்னா பொறுக்கவே கூடாது. வாசனை தெரியலைன்னா பூனை திங்காது. இவரு மாதிரி குண்டுப் பூனை ரெண்டு நாள் பட்டினி கிடந்தாலே ஈரல் கெட்டுப்போகும். வாயால மூச்சு வாங்கினா சட்டையைக்கூட மாத்தாம ஓடி வரணும்."

பிறகு நிமிர்ந்தாள். "வீட்டுல எதாவது குடுத்தீங்களா?"

நிபால்தோ சுவரிலிருந்த நாய்ப் படத்தை ரசிக்க ஆரம்பித்தார்.

"சொல்லுய்யா," என்றாள் இவோன்.

"கால் மாத்திரை. பாராசிட்டமால். பொடி பண்ணி மீன்ல கலந்து வெச்சேன்."

யாஸ்னாவின் கை அப்படியே நின்றது. "தின்னாரா?"

"தொடவே இல்ல. தட்டு அப்படியே இருக்கு."

அவள் செனட்டரின் ஈறுகளை விளக்கடியில் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். நிறம் சரியாக இருந்ததும் மூச்சு விட்டாள். "பூனைக்கு அது விஷம், ஐயா. அந்தக் கால் மாத்திரை போதும். மூக்கு அடைச்சதுனாலதான் இவரு உசுரோட இருக்காரு."

நிபால்தோ நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இவோன் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவர் தொப்பியைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

மயக்க ஊசி போட்டு உள்ளே கொண்டுபோனார்கள். அரை மணி நேரம் கழித்து யாஸ்னா இடுக்கியோடு வெளியே வந்தாள். இடுக்கி முனையில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் புல்.

"வயித்தைக் கழுவப் புல்லைத் தின்னிருக்காரு. வாந்தி எடுக்கறப்போ இது மேல போய், அண்ணத்துக்குப் பின்னால மூக்குல சொருகிக்கிச்சு. வீட்டுல தோட்டம் இருக்கா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மழைக்குப் பிறகு முழங்கால் உயரத்துக்கு வளர்ந்த புல் என் கொல்லையில்தான் இருந்தது. வெட்டு வெட்டு என்று இவோன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கடல் காத்துன்னு சொல்லித் தப்பிச்சுக்க," என்றாள் என்னிடம்.

அன்று சாயங்காலமே செனட்டர் அரை டப்பா மீனைத் தின்றார். சொட்டு மருந்தோடு வந்த நிபால்தோவின் கட்டை விரலையும் கடித்தார். நான் புல்லை வெட்டினேன்.

குன்றுக்குத்தான் கஷ்டகாலம் ஆரம்பித்தது. அடுத்த திங்களிலிருந்து நிபால்தோவின் கை அலமாரிக்குப் போவதில்லை. கேள்விதான். எத்தனை நாளாச்சு? திடீர்னா, மெதுவாவா? சாப்பிடறீங்களா? ரொட்டிக்கடை நொர்மா ஜலதோஷத்துக்கு மாத்திரை கேட்டபோது, "ஒரு மூக்கா, ரெண்டு மூக்கா?" என்று கேட்டிருக்கிறார். "எனக்கு ரெண்டு மூக்கு இருக்கறது உனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா?" என்று கத்திவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை அவள் மறுபடியும் போனாள், மார்பு படபடப்பு என்று. நிபால்தோ தன் கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "எனக்குத் தெரியல நொர்மா. ஆஸ்பத்திரிக்குப் போ," என்றாராம்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்த அழுத்தம் எகிறியிருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பை நிறுத்தச் சொன்னார்கள். ஆனால் வீடு திரும்பும் வழியில் அவள் எல்லாரிடமும் சொன்ன சேதி அதுவல்ல. "டாக்டர் வாயால 'தெரியல'ன்னு சொன்னாரு. மனுஷனுக்கு என்னமோ பெரிய வியாதி. அதிக நாள் தாங்க மாட்டாரு."

சனிக்கிழமைக்குள் நிபால்தோ வீட்டு வாசலில் ஐந்து பானை கோழி சூப், ஒரு பூசணிக்காய், மாதா படம் ஒன்று. இவோன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் பெருமூச்சு மட்டும் விட்டாள். நிபால்தோ உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தார்.

"உக்காருய்யா," என்றாள் அவள், கரண்டியை நீட்டியபடி. "சூப்பு தீரட்டும்."

அவர் உட்கார்ந்தார். எனக்கும் ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் கிடைத்தது. நொர்மாவின் சூப்தான் அந்த ஐந்தில் நன்றாக இருந்தது. உப்பே போடவில்லை என்றாலும்.