சார்ட்டில் ஆஃப் என்றுதான் இருந்தது

1. ஞாயிற்றுக்கிழமைச் சண்டை

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பரின்டென்டென்டாக நான் பொறுப்பேற்ற முதல் நாள் காலையிலேயே, டூட்டி ரூமில் இரண்டு ஸ்டாஃப் நர்ஸ்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஹெலன், சீனியர். மற்றவள் பகவதி, சுசீந்திரத்துக்காரி, அவளுக்கு ஜூனியர்.

“ஏட்டி, ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுக்குப் போண்டாமா?” என்றாள் ஹெலன்.

“நீங்க மாசம் பூரா போறியளே, எனக்கு ஒரு ஞாயிறாவது நிழல் தாங்கலுக்குப் போண்டாமாக்கா? நான் டூட்டி முடிச்சு வாறவரைக்கும் அய்யா காத்துட்டா இருப்பாரு?” என்றாள் பகவதி. நிழல் தாங்கல் என்பது அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் இடம்; அய்யா அவர்களுடைய சாமி.

“அப்ப அய்யாட்டயே போயி டூட்டிய மாத்திக் கேளு!”

தப்பு இரண்டு பேர் மேலும் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் ரோஸ்டரை இஷ்டத்துக்குப் போட்டிருந்தார். வேண்டியவளுக்கு மார்னிங், வேண்டாதவளுக்கு நைட். அடுத்த வாரம் என்ன டூட்டி என்பது சனிக்கிழமை சாயங்காலம்தான் தெரியும். பிள்ளைக்குத் தடுப்பூசி போட ஒரு நாள் குறிக்க முடியாது. ஒரு கல்யாண வீட்டுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

நான் ஒரு சுற்று ரோஸ்டர் போட்டேன். அதில் கம்ப சூத்திரம் எதுவும் இல்லை. சார்ட்டில் ஆறு வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு வாரத்து டூட்டி. இந்த வாரம் முதல் வரியில் இருப்பவள் அடுத்த வாரம் இரண்டாம் வரிக்கு இறங்குவாள். ஆறாவது வரி முடிந்தால் மறுபடி மேலே போவாள். எல்லாருக்கும் ஒரே அளவு நைட், ஒரே அளவு ஞாயிறு. நைட் முடிந்து வருகிறவளை அன்றே ஈவினிங் டூட்டிக்குக் கூப்பிடக் கூடாது. ஆறு வாரம் கழிந்தால் அதே சுற்று. சுவரில் ஒட்டினேன். ஹெலன் முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். பிறகு அவளே, “கிறிஸ்மஸுக்கு நான் நைட்டு. இப்பமே தெரிஞ்சிட்டு. போவட்டும், கேக்கு முந்துன நாளே செஞ்சிருவேன்” என்றாள்.

அந்தச் சார்ட்டைப் பற்றி நான் பெருமைப்பட்டேன். இன்று அந்தப் பெருமையை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

2. சும்மா நிற்கிறவர்கள்

மேனேஜரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

“நல்லா இருக்கு சிஸ்டர். ஆனா கீழ இந்த ரெண்டு பேரு எந்த வரியிலயும் இல்லியே. சும்மா நிக்கதுக்கா சம்பளம்?”

“ரிலீவர் சார். ஒருத்திக்குக் காய்ச்சல்னா அந்த எடத்துல நிப்பாங்க.”

“காய்ச்சல் வரட்டும், அப்பம் பாப்போம்.”

ரோஸ்டர் கண்டபடி இருந்த காலத்தில் யார் கூடுதல், யார் குறைவு என்று அவருக்குத் தெரியாது. நான் கோடு போட்டுத் தெளிவாகக் காட்டிக்கொடுத்தேன். அந்த இரண்டு பேரும் அடுத்தடுத்து வேலையை விட்டு கல்ஃபுக்குப் போனார்கள். அந்த இடங்களை அவர் நிரப்பவில்லை. கேட்டதற்கு, “சார்ட்டு ஓடுதுல்லா? பின்ன ஆளு என்னத்துக்கு?” என்றார்.

சார்ட் தானாக ஓடவில்லை, நான்தான் ஓட்டினேன். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், ஆஃபில் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பவளுக்கு போன் போடுவேன். “மக்கா, இன்னைக்கு ஒரு நாள் வந்துரு.” முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள். எந்த வார்டிலும் ஆள் குறையவில்லை. எந்த டாக்டரும் கத்தவில்லை. அதனால் மேலே இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவும் இல்லை.

3. பகவதியின் பரீட்சை

அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்குப் பரீட்சை அறிவித்தார்கள். பகவதிக்கு வயது வரம்பு அந்தத் தடவையோடு முடிகிறது. கணவர் கொத்தனார், மழை பிடித்தால் வீட்டில் இருப்பார். இந்த வேலை கிடைத்தால்தான் அந்த வீடு நிமிரும். பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருநெல்வேலியில். அவள் சார்ட்டைப் பார்த்துச் சுற்றை எண்ணினாள். அன்று ஆஃப். என்னிடம் வந்து கேட்டாள்.

“நம்பிப் பீஸு கட்டலாமா மேடம்?”

“தைரியமாக் கெட்டு. சார்ட்டு மாறாது” என்றேன்.

மூன்று மாதம் நைட் டூட்டிக்கு நடுவே படித்தாள். பரீட்சைக்கு முந்தின நாள், அந்த ஞாயிறு மார்னிங் டூட்டிக்கு வர வேண்டியவள் டெங்கு என்று அட்மிட் ஆனாள். மற்ற எல்லாரும் ஏற்கெனவே டூட்டியில். ஆஃபில் இருந்தது பகவதி மட்டும்.

மேனேஜர், “அவ ஆஃப கேன்சல் பண்ணுங்க” என்றார்.

“சார், நாளைக்கு அவளுக்குப் பரீட்சை. வார்டுல நான் நிக்கேன்.”

“சூப்பரின்டென்டென்ட் ஊசி போட்டுட்டு நின்னா ஆஸ்பத்திரிக்கு மானம் போவும். அடுத்த தடவ எழுதட்டும்.”

“அடுத்த தடவ வயசு தாண்டிரும்.”

“அதுக்கு நான் என்ன செய்ய? போணும்னா போவட்டும். திங்கக்கிழமை இங்க வரண்டாம். ஒருத்திக்கு விட்டா எல்லாவளும் கேப்பாளுவ.”

பகவதியிடம் எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். “நீ போ. நான் பாத்துக்கிடுதேன்” என்றும் சொன்னேன்.

“போறேன் மேடம். திங்கக்கிழமை என்னை உள்ள விடுவாவன்னு நீங்க சொல்லுவியளா?”

என்னால் சொல்ல முடியவில்லை. கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாத வேலைக்காகக் கையில் இருக்கும் வேலையை அவளால் விட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் டூட்டிக்கு வந்தாள். திருநெல்வேலியில் கேள்வித்தாள் கொடுக்கும் நேரத்தில் ஒரு பெரியவருக்கு பிபி பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, யாரிடமும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. கோபித்துக்கொண்டது ஹெலன்தான்.

“அந்தச் சார்ட்டக் கிழிச்சுப் போடுங்க மேடம். முன்னயாவது நம்ப ஒண்ணும் கெடையாது. அவவ அடிச்சுப் பிடிச்சு ஆஃப வாங்குவா. இத நம்பித்தானே இவ போய்ப் பணத்தக் கெட்டுனா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை.

இப்போது வார்டு இன்சார்ஜாக இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நியாயமான ரோஸ்டர் என்பது கட்டம் போடுவதில் இல்லை, ஆள் எண்ணிக்கையில் இருக்கிறது. ரிலீவருக்கு எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு வரிகூடப் போடாதீர்கள். ஆள் குறைந்தால் அடுத்தவள் ஆஃபைப் பிடுங்கி ஓட்டையை அடைக்காதீர்கள். இன்று ஆள் இல்லை என்று காலையிலேயே டாக்டர்களுக்கும் மேனேஜருக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கத்துகிறவர்கள் கத்தட்டும். அந்தச் சத்தம் மேனேஜர் அறைக்குப் போய்ச் சேரட்டும். நான் அதைப் போகவிடாமல் எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டே இருந்தேன். கெட்டிக்காரி என்று பேர் வாங்கினேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு விலை கொடுத்தது பகவதி.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். போன வாரம் கோட்டாறு கடைத்தெருவில் கண்டேன். மகளுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்க வந்திருந்தாள். ஒரு கையில் மகள், மறு கையில் போன்.

“இன்னைக்கு ஆஃபா மக்கா?” என்று கேட்டேன்.

போனை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“இப்ப வரைக்கும் ஆஃப்தான் மேடம்.”