காசிம் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ்

இன்னைக்கு ஆரம்பாக்கம் பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பெண்ணின் போனில் ஒரு வெள்ளைக்காரம்மா "போரே தா"ன்னாங்க. தூக்கிவாரிப் போட்டது.

எண்பதுகளில், கப்பல் வேலையை விட்டுப் பழவேற்காடு திரும்பிய என் சிநேகிதன் காசிம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது. "துரைங்க குட்மார்னிங் சொல்ல மாட்டாங்கடா. இதான் உசந்த இங்கிலீஷ்."

இறால் கம்பெனி இன்டர்வியூவில் சொன்னேன். "இன்னா தரணும்?"னு கேட்டு மேனேஜர் வெளியே அனுப்பிட்டார். வேலை காசிமுக்குப் போச்சு. அவனையும் கப்பலில் யாரோ ஏமாத்திருப்பாங்கன்னே நம்பினேன்.

என்ன இங்கிலீஷ்னு கேட்டேன். அந்தப் பெண் சொன்னாள்: "இது வெல்ஷ் பாஷைல குட்மார்னிங், அங்கிள். இங்கிலீஷுக்கு டச்சும் ஜெர்மனும்தான் நெருங்கின சொந்தம். இது ஐரிஷ் மாதிரி வேற குடும்பம்."

காசிமுக்குப் போன் போட்டேன். "அது வெல்ஷ்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்டா. நீயும் அந்த வேலைக்கு வர்றேன்னியே."

அடுத்த வாரம் அவன் பேத்தி கல்யாணம். போகலாமா, நீங்களே சொல்லுங்க.