பஸ் ஸ்டாண்டில் அவளை விட்டுவிட்டு வந்த நாள்

என் மனைவிக்கு மறதி நோய் வந்து ஆறு வருஷம் ஆகிறது. குளிக்க வைப்பது, சோறு ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் நான்தான். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தேன். அவளைத் தனியே விட முடியாமல் போனதும் அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். ஓசூரில் இருக்கும் மகள், ஆள் வைக்கலாம் என்று பலமுறை சொன்னாள். நான் சம்மதிக்கவில்லை. தெரியாத கை பட்டால் இவள் கத்துவாள்.

போன ஐப்பசியில், சேலம் அஸ்தம்பட்டியில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அவளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனேன். பாட்டிலோடு திரும்பினால் நாமக்கல் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

மல்லூர் வரை ஒன்றும் தோன்றவில்லை. ஜன்னல் காற்று சுகமாக இருந்தது. என் மடியில் இருந்த மருந்துப் பையைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரீங்களா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஆமாங்க, சம்சாரத்துக்கு..." என்றவனுக்கு அப்போதுதான் பெஞ்சில் விட்டு வந்தவள் ஞாபகம் வந்தது.

இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினேன். அவள் அதே பெஞ்சில் இருந்தாள். சேலை நனைந்திருந்தது. பூ விற்கும் பெண் ஒருத்தி அவள் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ரோட்டுக்கு எந்திரிச்சுப் போகப் பாத்தாங்க. இப்படியாங்க உட்டுட்டுப் போவீங்க?"

மனைவி என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாருங்கண்ணா?" என்றாள்.

மகளிடம் மறைக்க முடியவில்லை. அவள் வந்து என்னை அதே டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். இரண்டுதான் வந்தது.

"பாத்துக்கறவங்களுக்கும் இது வருமுங்களா?" என்று கேட்டேன்.

"வருஷக்கணக்காத் தூக்கமில்லாம, பேச்சுத்துணை இல்லாம இருந்தா மூளை ஓஞ்சு போகும். உங்களுக்கு அது மட்டுந்தானா, வேற எதாச்சுமான்னு ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்."

பார்த்தோம். இந்தமுறை ஒரே ஒரு சொல்தான் வந்தது.

இப்போது வீட்டுக்கு ஒரு அம்மா வேலைக்கு வருகிறார். தினமும் குளியலறையில் என் மனைவி கத்துகிறாள். நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுப்பைத் தொடக் கூடாது, வண்டி எடுக்கக் கூடாது என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

போன வாரம் மனைவியைச் சாப்பிடக் கூப்பிட வாயைத் திறந்தேன். அவள் பெயர் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகு நேரம் கழித்துத்தான் வந்தது. இதை மகளிடம் நான் சொல்லவில்லை.