துப்பாக்கிக் கடையில் நான் கேட்ட தப்பான கேள்விகள்

துப்பாக்கிக் கடையில் வேலை என்றால் நாள் முழுக்க டுமீல் டுமீல் என்று இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்திரண்டு வருஷத்தில் எங்கள் கடைக்குள் வெடித்தது ஒரே ஒரு டியூப்லைட்தான். தி. நகரில் ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் முதல் மாடி. லைசென்ஸைச் சரிபார்ப்பது, ரிஜிஸ்டர் எழுதுவது, எண்ணெய் போட்டுத் துடைப்பது, இவ்வளவுதான் பிழைப்பு. ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே! கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, வந்தவரைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டு, வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காகத்தான்.

ஃபால்ஸ் தைக்கும் மாடி

எங்கள் பக்கத்துக் கட்டட மாடியில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறார்கள். படி மாறி ஏறி வரும் பெண்கள் தினம் நாலு பேராவது உண்டு. அன்றைக்கும் வாசலில் காட்டன் புடவையின் ஓரம் தெரிந்ததுமே, ரிஜிஸ்டரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஃபால்ஸ் கடை பக்கத்து மாடிம்மா" என்றேன். புடவை நகரவில்லை. நிமிர்ந்தால், ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மா, மூக்குக்கண்ணாடி, கையில் நீளமான பெட்டி. அப்போதாவது எனக்கு உறைத்ததா? "சார் வரலையாம்மா?" என்று கேட்டேன் பாருங்கள்!

சார் யாரும் இல்லை. அவர் மயிலாப்பூரில் கணக்கு டீச்சர், பெயர் வைதேகி. அப்பா காலமாகி இரண்டு வாரம். அப்பாவின் பாயின்ட் டூ டூ ரைஃபிளுக்கு லைசென்ஸ் யார் பெயரில் என்று முடிவாகும்வரை அது எங்கள் கடையில் இருக்க வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தார். போலீஸ் ஸ்டேஷன் கடிதம் முதற்கொண்டு எல்லாம் கச்சிதம். பெட்டியைத் திறந்து, குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, போல்ட்டை இழுத்து, உள்ளே காலி என்று பார்த்து, எனக்கும் காட்டினார். நானே இவ்வளவு ஒழுங்காகச் செய்வேனா என்பது சந்தேகம். வேடிக்கை பார்க்கிற ஆர்வத்தில் சுற்றிப் போய்ச் சுவரோரமாக நின்றேன். டீச்சர் குரல் வகுப்பறைக் குரலாக மாறியது: "குழலுக்கு முன்னாடி நிக்காதீங்கோ. காலியா இருந்தாலும் நிக்கப்படாது."

அச்சடித்த கடிதம்

சொந்தக்காரர் இறந்துபோனால், வாரிசுகளில் ஒருவர் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகள் ‘ஆட்சேபணை இல்லை’ என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கடிதத்தை நாங்கள் கட்டுக் கட்டாக அச்சடித்தே வைத்திருக்கிறோம். விட்டுக்கொடுப்பவர் இடத்தில் ‘திருமதி’, வாங்கிக்கொள்பவர் இடத்தில் ‘திரு’. அச்சிலேயே! இத்தனை வருஷமாக எனக்கு அதில் ஒரு தப்பும் தெரிந்ததில்லை. "உங்களுக்கு அண்ணா ஒருத்தர் இருக்கார்னு சொன்னீங்களே, இங்கே ஒரு கையெழுத்து, வேலை முடிஞ்சுது" என்று பேனாவையும் நீட்டினேன்.

டீச்சர் பேனாவைத் தொடவில்லை. அப்பாவுக்குக் கண் மங்கிப் பதினைந்து வருஷம் ஆகிறதாம். அன்றிலிருந்து ரைஃபிள் கிளப்பில் அப்பா சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், ஞாயிறு தவறாமல் அந்த ரைஃபிளால் சுட்டது டீச்சர். சீனியர் பெண்கள் பிரிவில் மெடல்கூட உண்டாம். எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அண்ணா கையெழுத்துப் போடாவிட்டால் விஷயம் இழுக்கும். இழுத்து இழுத்து யாருக்கும் லைசென்ஸ் இல்லை என்று ஆனால், ரைஃபிள் அரசாங்கத்துக்குப் போய்விடும், போனால் திரும்பாது. இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடிதத்தை என் பக்கமே தள்ளினார். "எனக்கு ஆட்சேபணை இருக்கு. அதுக்கு ஃபாரம் வெச்சிருக்கேளா?"

யாருடைய துப்பாக்கி?

இந்த அடிக்குப் பிறகாவது திருந்தினேனா என்றால், அதே வாரம் கல்பனா வந்தார். மேற்கு மாம்பலத்தில் ஒரு பேங்க் வாசலில் காவல் வேலை. பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல் துப்பாக்கியை உறையோடு கவுன்ட்டரில் வைத்து, "ட்ரிக்கர் ஸ்பிரிங் லூசா கீது, பாருங்க" என்றார். நான் வழக்கம்போல, "வீட்டுக்காரர் துப்பாக்கியாம்மா?" என்றேன். கல்பனா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார் நீ, அவரோடதா இருந்தா அவரே தூக்கிகினு வந்திருக்க மாட்டாரா?"

பை தூக்கிய அப்பா

அடையாற்றிலிருந்து ஓர் அப்பாவும் காலேஜில் படிக்கும் மகளும். ஏர் ரைஃபிள் பை அப்பாவின் தோளில் இருந்தது. போதாதா எனக்கு? அப்பாவை நிற்க வைத்து, ரைஃபிளின் அடிக்கட்டையைத் தோளில் பொருத்தி, மூச்சை எப்படிப் பிடிப்பது என்று பத்து நிமிஷம் வகுப்பெடுத்தேன். பாவம், அவரும் சொன்னபடியெல்லாம் மூச்சைப் பிடித்தார். மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கடைசியில்தான் அவருக்குப் பேச இடம் கிடைத்தது: "அவகிட்ட சொல்லுங்க சார், எனக்குத் தீபாவளின்னாலே காதுல பஞ்சுதான்."

ஹாலில் ஓர் ஆணி

ஒரு மாதம் கழித்து வைதேகி டீச்சரும் அவர் அண்ணா ரகுவும் சேர்ந்து வந்தார்கள். ரகு சார் நல்ல மனிதர்தான், பெருங்குடியில் புது ஃபிளாட் வாங்கியிருக்கிறார். ஹாலில் அப்பா படத்துக்குக் கீழே ரைஃபிளை மாட்ட வேண்டும் என்பது ஆசை, ஆணிகூட அடித்தாயிற்றாம். "எங்கே, ஒரு தடவை பார்க்கலாம்" என்று வாங்கியவர், ட்ரிக்கரில் விரலை வைத்தபடி என் வயிற்றுக்கு நேராகத் திரும்பினாரே பார்க்கலாம்! நான் கவுன்ட்டருக்கு அடியில். அங்கிருந்தபடியே, சுவரில் மாட்டுவதற்கும் லைசென்ஸ் வேண்டும் சார், அதற்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

ரகு சார் அசரவில்லை. "இவளுக்கு எதுக்கு சார் இதெல்லாம்? வயசான காலத்துல யாராவது பார்த்தா சிரிக்கமாட்டாளா?" என்றார் என்னிடம். தங்கை பக்கத்தில்தான் நிற்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ‘சார் வரலையாம்மா’ பேர்வழிக்கு வாய் திறக்க என்ன யோக்கியதை? டீச்சர் அண்ணா கையிலிருந்து ரைஃபிளை மெதுவாக வாங்கிப் பெட்டியில் வைத்தார். "கையெழுத்து போடாட்டா போறது. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை கிளப்புக்கு வா, அது போதும்."

கையெழுத்து

மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை. நான் தினம் அந்தப் பெட்டியைத் துடைத்தேன், துடைக்கத் தேவையே இல்லாவிட்டாலும். அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை ரகு சார் மட்டும் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முந்தின நாள் கிளப்புக்குப் போயிருந்தாராம். கிளப் ரைஃபிளில்தான் அன்று டீச்சர் சுட்டாராம். அறுபது குண்டு. நடுவில் ஒரு தடவைகூட அண்ணா பக்கம் திரும்பவில்லையாம். இலக்கு அட்டையைக் கொண்டுவந்தபோது நடுவட்டம் கந்தலாகிக் கிடந்ததாம். சிறுசுகளெல்லாம் "மேடம், மேடம்" என்று சந்தேகம் கேட்டு டீச்சரைச் சூழ்ந்துகொண்டார்களாம்.

சட்டைப் பையிலிருந்து கையெழுத்துப் போட்ட கடிதத்தை எடுத்து வைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான், மறைப்பானேன்? "பதினஞ்சு வருஷமா அப்பாவைக் கூட்டிண்டு போக ஒரு ஆள்னுதான் அவளை நெனச்சிண்டிருந்தேன், சார்."

பெட்டி கிளம்பிய நாள்

லைசென்ஸ் வர எட்டு மாதம் ஆயிற்று. விசாரணைக்கு வந்தவர்கள் அக்கம்பக்கத்தில் கேட்டதில் டீச்சர் இருக்கும் தெருவே ஆச்சரியப்பட்டுப் போயிற்றாம். எதிர்வீட்டு மாமி மட்டும், தன்னையும் கிளப்பில் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டாராம். ரைஃபிளைத் திருப்பிக் கொடுக்கிற அன்று நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டேன். டீச்சர் வந்து, நம்பரைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, பெட்டியைக் கையில் எடுத்தார். பத்து மாதமாகப் பார்க்காத ஒரு சிரிப்பு முகத்தில். அந்தச் சந்தோஷத்தில் நான், "டீச்சர், கனமா இருக்கு, ஆட்டோ வரைக்கும் நான் கொண்டுவந்து தரட்டுமா?" என்றேன். படியில் இறங்கப் போனவர் நின்று திரும்பினார். "உங்க பேர்ல லைசென்ஸ் இருக்கா?"

இருபத்திரண்டு வருஷமாகத் துப்பாக்கிகளுக்கு நடுவிலேயே வாழ்ந்தும் எனக்கென்று சொந்தமாக இருந்தவை என் ஊகங்கள் மட்டும்தான், அவற்றையும் இந்தப் பெண்கள் ஒவ்வொன்றாகப் பறிமுதல் செய்துகொண்டு போய்விட்டார்கள்.