கோழி அடைகாத்த அண்டா

1996ஆம் வருஷம், ஐப்பசி மாதம். அவிநாசிக்கு வடக்கே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர் இச்சிக்குட்டை. முப்பத்திரண்டு வீடு. எல்லோரும் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஊருக்குக் கிழக்கே ஒரு நூல் மில் இருந்தது. அதை மூடி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். மில் இடத்தை விற்கப் போகிறார்களாம். எங்கள் வீடுகளும் அந்த இடத்தில் சேர்த்தியாம். மில்லுக்கு வேலைக்கு வந்தவர்களுக்காகப் போட்ட லைன் வீடுகள் இவை, மில்லே இல்லாததால் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீசுக்கு ஆதாரத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் ஊரில் ஒருத்தர்கூட அந்த மில்லில் வேலை செய்தது கிடையாது. எங்களை உள்ளேயே சேர்த்ததில்லை. மில் வருவதற்கு முன்பே நாங்கள் இங்கே இருந்தோம். அது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஆபீசுக்குத் தெரிய வேண்டுமே. ரேஷன் கார்டு மில்லுக்குப் பிறகு வந்தது. கரண்ட் அதற்கும் பிறகு. அதற்கு முந்தின காகிதம் ஒரு வீட்டிலும் இல்லை. கைநாட்டு வைத்த ஜனங்களிடம் காகிதம் ஏது?

எங்கள் வீட்டுக்காரர் நோட்டீசைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்.

“அண்டா இருந்திருந்தா அதைக் காட்டியிருக்கலாம். நீதான் அதைச் சொம்பாக்கிப் போட்டியே.”

அவர் சொன்னது உண்மை.

அந்த அண்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் வேலைக்குப் போகிற தோட்டத்து வீடுகளில் பெரிய பாத்திரங்கள் இருக்கும். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டால் தர மாட்டார்கள். நாங்கள் பொங்கின பாத்திரத்தில் அவர்கள் மறுபடி பொங்க மாட்டார்கள். அதனால் என் மாமனாரின் அப்பா காலத்தில் ஊரே சேர்ந்து ஒரு தாமிர அண்டா வாங்கியது. கழுத்தில் ஊர்ப் பேரும் வருஷமும் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியது. ஊரில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் எழவுக்கும் அதில்தான் சோறு பொங்கினோம். என் கல்யாணச் சோறும் அதில் பொங்கினதுதான்.

பிறகு சாமியானாக் கடைகள் வந்தன. யார் கேட்டாலும் பாத்திரம் வாடகைக்குக் கொடுத்தார்கள். அண்டா எங்கள் வீட்டுச் சந்தில் சும்மா கிடந்தது. நான் அதில் கோழி அடை வைத்தேன். ஒருநாள் பெண்கள் எல்லாம் பேசி, அதைக் கொடுத்துவிட்டு எவர்சில்வர் வாங்கலாம் என்று முடிவு செய்தோம். முதலில் சொன்னவள் நான்தான். கோயமுத்தூரில் உக்கடம் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்கு வண்டி வைத்து நானே கொண்டு போனேன். வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் சொம்பு வந்தது. முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பு. ஊரே என்னைக் கெட்டிக்காரி என்றது.

செவ்வாய்க்கிழமை நானும் எங்கள் வீட்டுக்காரரும் அந்தக் கடைக்குப் போனோம். உருக்கியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் போனேன்.

கடைக்கார பாய் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு தாமிர அண்டா கொடுத்தனுங்க. காது ஒண்ணு நசுங்கியிருக்கும்.”

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“கோழி றெக்கை ஒட்டிக்கிட்டு வந்துச்சே, அதா?”

“அதேதானுங்க.”

“இப்ப என்ன, கோழிக்கு இடம் பத்தலையா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் நோட்டீஸ் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

பாய் எழுந்து கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அண்டா அங்கே இருந்தது. அத்தனை வருஷத்துக் கரியும் போய்ச் செவேல் என்று இருந்தது. உள்ளே புதிதாக ஈயம் பூசியிருந்தார்கள்.

“உருக்கத்தான் எடுத்தேன். தட்டிப் பார்த்தேன், சத்தம் அருமையா இருந்துச்சு. மனசு வரலை. பிரியாணிக்கு வச்சுக்கிட்டேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் வேண்டும் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

“ஞாயித்துக்கிழமை ஒரு நிக்காஹ் இருக்கும்மா. இதைத்தான் சொல்லி வச்சிருக்காங்க. நீ திரும்பக் கொண்டாரலைன்னா நான் என்ன பண்ணுவேன்?”

“சனிக்கிழமை கொண்டாந்துருவனுங்க.”

“கொண்டாரலைன்னா?”

“கொண்டாரலைன்னா எங்க ஊரே இல்லீன்னு அர்த்தமுங்க. அப்பறம் எங்க வந்து கேப்பீங்க?”

பாய் ஓரமாக நகர்ந்து வழி விட்டார். “தூக்கு” என்றார்.

நாங்கள் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கும்போது அவரே ஒன்று கேட்டார். “ஒத்தை அண்டாவைக் காட்டி இது ஊருன்னா ஆபீசுல நம்புவாங்களா? பொண்ணுங்களைக் கட்டிக் கொடுக்கறப்ப சீர் என்ன கொடுப்பீங்க?”

“ஒரு பித்தளைச் சொம்புங்க. அவ்வளவுதான் முடியும்.”

“ஊர்ப் பேரு வெட்டித்தானே கொடுப்பீங்க? அவங்க எல்லாரும் உன்னை மாதிரி வித்திருக்க மாட்டாங்க. சொல்லி விடு.”

பஸ்சில் பின்னால் அண்டாவை வைத்தோம். கண்டக்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, உள்ள யாராச்சும் உக்காந்திருக்காங்களா?”

“எங்க ஊரே உக்காந்திருக்குதுங்க.”

“அப்ப ஊருக்கே டிக்கெட் எடுக்கோணும்” என்று சொல்லி லக்கேஜ் டிக்கெட் மட்டும் கிழித்தார்.

மறுநாள் ஊர் ஆம்பளைகள் காட்டு வேலைக்குப் போகவில்லை. கட்டிக்கொடுத்த பெண்கள் இருக்கிற ஊர்களுக்குக் கிளம்பினார்கள். சீர்ச் சொம்போடு வெள்ளிக்கிழமை காலையில் வர வேண்டும். அதுதான் சேதி.

பதினோரு பேர் வந்தார்கள். எல்லார் கையிலும் துணிப்பையில் ஒரு சொம்பு. பவானியில் இருந்து எங்கள் வீட்டுக்காரருடைய அத்தை வந்திருந்தது. மில் கட்டுவதற்கு முன்பே கல்யாணமாகிப் போன அத்தை.

“இத்தனை வருசமா ஒரு நோம்பிக்குக்கூட யாரும் கூப்பிடலை. இப்பச் சொம்புக்குக் கூப்பிடறீங்க. சொம்பை மட்டும் பஸ்சேத்தி விட்டிருப்பேன், வழியில எவனாச்சும் எடுத்துக்குவான்னுதான் கூட வந்தேன்” என்றது.

தாலுகா ஆபீசில் அதிகாரி ஒருத்தர், மில் சார்பில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர். நாங்கள் அண்டாவை மேஜைக்கு முன்னால் இறக்கினோம். சத்தம் கேட்டுப் பக்கத்து அறையில் இருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள்.

“இதென்னம்மா?” என்றார் அதிகாரி.

“நீங்க கேட்ட ஆதாரமுங்க.”

வெள்ளைச் சட்டைக்காரர் சிரித்தார். “சார், பேரை இன்னைக்குக்கூட வெட்டலாம். மிசின் இருக்குது. இவங்க நேத்து வெட்டிட்டு வந்திருப்பாங்க.”

இப்படி யாராவது சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். மடியில் ஒரு ஆணியும் சுத்தியலும் கொண்டு போயிருந்தேன். எடுத்து அவரிடம் நீட்டினேன்.

“வெட்டுங்க. அதே பேரை அதுக்குப் பக்கத்துலயே வெட்டுங்க. ரெண்டும் ஒண்ணாட்ட இருந்துச்சுன்னா நாங்க இன்னைக்கே காலி பண்ணிக்கறோமுங்க.”

அவர் வாங்கவில்லை. நான் கையை மடக்கவும் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் என் சேலையை இழுத்தார். நான் நீட்டியபடியே நின்றேன்.

அதிகாரி எழுந்து வந்தார். எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். எத்தனையோ கைகள் தேய்த்துத் தேய்த்துப் புள்ளிகளின் ஓரமெல்லாம் மழுங்கியிருந்தது. மிசின் போட்டால் அப்படி வராது. அது அவருக்கும் தெரிந்தது.

“உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?”

“மூணாவது வரைக்குமுங்க.”

“படிங்க.”

விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். இச்சிக்குட்டை ஊர்ப் பொது அண்டா. பிறகு வருஷம். மில் எந்த வருஷம் தொடங்கியது என்று அதிகாரி வெள்ளைச் சட்டைக்காரரைக் கேட்டார். அவர் தன் வாயாலேயே சொன்னார். அண்டா அதற்கு ஒன்பது வருஷம் மூத்தது.

பெண்கள் ஒவ்வொருவராகச் சொம்பை மேஜையில் வைத்தார்கள். பதினோரு சொம்பிலும் இச்சிக்குட்டை என்று இருந்தது. அத்தையின் சொம்பில் இருந்த வருஷமும் மில்லுக்கு முந்தியது. மில் லைன் என்று ஒன்றில்கூட இல்லை.

அதிகாரி அண்டாவைச் சுற்றி வந்தார். மறுபக்கம் குனிந்தார்.

“இங்கயும் என்னமோ வெட்டியிருக்குதே. என்னன்னு தெரியுமா?”

தெரியாது என்றேன். அந்தப் பக்கம் எப்போதும் கரி ஏறிக் கிடக்கும். நான் தேய்த்துப் பார்த்ததே இல்லை. கடையில் இருந்து வந்த பிறகும் ஊர்ப் பேர் இருந்த பக்கத்தைத்தான் பார்த்தோம். அவர் சத்தமாகப் படித்தார்.

“எவர் கேட்டாலும் கொடுக்கவும்.”

அவர் என்னைப் பார்த்தார். “எதுக்கு இப்படி வெட்டியிருக்காங்க?”

“எங்களுக்கு யாரும் கொடுக்கலீங்க. அதனால வெட்டிட்டாங்களாட்ட இருக்குது.”

அவர் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். வெகுநேரம் எழுதினார். எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். அடுத்த வாரம் நேரில் வந்து வீடு வீடாகப் பார்த்தார். மில் இடத்தைப் பிறகு விற்றார்கள். எங்கள் முப்பத்திரண்டு வீட்டையும் விட்டுவிட்டுத்தான் விற்றார்கள். பட்டா கைக்கு வர மேலும் நாலு வருஷம் நடந்தோம். நடந்து வாங்கினோம்.

சொன்னபடி அந்தச் சனிக்கிழமையே அண்டாவைக் கடையில் இறக்கினேன். பாய் தராசில் இருந்து தலையைத் தூக்கினார்.

“என்னம்மா ஆச்சு?”

“இருக்கறமுங்க” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். வேண்டாம் என்றேன். இங்கே இருந்தால் கேட்கிறவர்கள் வருவார்கள், எங்கள் சந்தில் இருந்தால் கோழிதான் வரும். ஊரில் விசேஷம் என்றால் போய்க் கேட்போம். கொடுப்பார்.

இப்போது வீட்டுக்கு ஒரு கரண்டி வாங்கினாலும் ஊர்ப் பேரை வெட்டித்தான் வாங்குகிறேன். கரண்டிக்கு எதுக்கும்மா ஊர்ப் பேரு என்று கடையில் சிரிக்கிறார்கள். வெட்டுங்க என்று நிற்பேன். கொடுக்கவும் என்று முன்னோர்கள் வெட்டி வைத்ததைப் படித்துப் பார்க்காமல் விற்றவள் நான். எங்களை எழுதி வைக்க வேறு யாரும் வர மாட்டார்கள், நாங்களேதான் வெட்டி வைக்க வேண்டும் என்பதை மட்டும் அதற்குப் பிறகு ஒரு நாளும் மறந்ததில்லை.